அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லின் டிராஃப்டில் ஓர் அணி எந்த பொசிஷனுக்கு (ஆட்ட இடத்துக்கு) ஆள் எடுக்கும்? முன்கூட்டியே சொல்ல வழி இருக்கிறதா?

கேள்வி இது: “நான் சிகாகோ பேர்ஸ் ரசிகன். 2025 டிராஃப்டுக்கு முன்னால் நான் பார்த்த மாக் டிராஃப்டுகளில் (யார் யாரை எடுப்பார்கள் என்ற கணிப்புப் பட்டியல்களில்) பேர்ஸ் ஒரு லைன்மேனையோ ரன்னிங் பேக்கையோ எடுப்பார்கள் என்றுதான் இருந்தது. கடைசியில் டைட் எண்ட் எடுத்தார்கள். இதைக் கணிக்க ஏதாவது முறை உண்டா, இல்லை எல்லாமே குருட்டாம்போக்கா?”

முறை உண்டு. எந்த வீரர் என்று சொல்வது கடினம். எந்த பொசிஷன் என்பதை ஓரளவு நெருங்கிவிடலாம். பெரும்பாலானவர்கள் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: போன சீசனில் அணி எங்கே அடி வாங்கியதோ அங்கேயே ஏப்ரலில் ஆள் எடுக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அணிக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பிலுள்ள ஜெனரல் மேனேஜரின் கணக்கு வேறு. இன்னும் ஓரிரு வருடத்தில் எந்த இடம் காலியாகப்போகிறது, அந்த இடத்துக்கு வெளிச்சந்தையில் ஆள் வாங்கினால் எவ்வளவு ஆகும், இந்த இரண்டும்தான் அவர் மேசையில் இருக்கும். போன சீசனின் காயத்துக்கு அவர், ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் சந்தைக்கு வரும் மார்ச் மாதத்திலேயே கட்டுப் போட்டிருப்பார்.

விவரம் தெரியாமல் படிப்பவர்களுக்காக நாலு வரி. என்.எஃப்.எல்.லில் 32 அணிகள். ஏப்ரல் கடைசியில் கல்லூரி வீரர்களை ஏழு ரவுண்டுகளாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். 2025இல் மொத்தம் 257 பேர். போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. ஐபிஎல் ஏலம் மாதிரி விலை ஏற்றிக் கேட்கிற வேலையெல்லாம் இல்லை. உங்கள் முறை வரும்போது ஒரு பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒரு ‘பிக்’ என்றால் அப்படி ஒரு முறை. அந்த பிக்குகளை அணிகள் தங்களுக்குள் விற்கலாம், வாங்கலாம். பொசிஷன்களும் சுருக்கமாக: பந்தை வைத்து ஆடும் பக்கம் ஆஃபென்ஸ், தடுக்கும் பக்கம் டிஃபென்ஸ். ஆஃபென்ஸில் குவார்ட்டர்பேக் பந்தை வீசுபவர், வைட் ரிசீவர் அதைப் பிடிப்பவர், ரன்னிங் பேக் பந்தோடு ஓடுபவர், டைட் எண்ட் பந்தைப் பிடிக்கவும் எதிரணியை மறிக்கவும் செய்பவர். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஐந்து லைன்மேன்களில் நடுவில் நிற்பவர் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள். டிஃபென்ஸில் எட்ஜ் ரஷர் ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கைத் துரத்துபவர், லைன்பேக்கர் லைனுக்குப் பின்னால் நிற்பவர், கார்னர்பேக் ரிசீவரைக் காவல் காப்பவர்.

முதலில் சம்பளத்தைப் புரிந்துகொள்ளுங்கள். 2010இல் முதல் பிக்காக வந்த குவார்ட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்டுக்கு செயின்ட் லூயிஸ் ராம்ஸ் கொடுத்தது 6 வருடத்துக்கு 7.8 கோடி டாலர், அதில் 5 கோடி உத்தரவாதம். ஒரு ஆட்டம்கூட ஆடாத பையனுக்கு இவ்வளவா என்று மூத்த வீரர்களே கொதித்தார்கள். 2011இல் லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே புது ஒப்பந்தம் வந்தது. அதே முதல் பிக்காக வந்த கேம் நியூட்டனுக்கு 4 வருடத்துக்கு 2.2 கோடிதான். அன்றிலிருந்து புதுமுகத்தின் சம்பளத்தைத் தீர்மானிப்பது அவர் எத்தனையாவது பிக்காக வந்தார் என்பதே. பத்தாவது பிக் என்றால் குவார்ட்டர்பேக் ஆனாலும் கார்டு ஆனாலும் சம்பளம் கிட்டத்தட்ட ஒன்று.

இப்போது எதிர்ப் பக்கத்தைப் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்த தன் வீரரை ஓர் அணி ஒரு வருடம் பிடித்து வைக்க ‘ஃப்ராஞ்சைஸ் டேக்’ என்று ஒன்று உண்டு. அந்தத் தொகை அந்த பொசிஷனின் உச்சச் சம்பளங்களை வைத்துக் கணக்கிடப்படுவதால், சந்தை விலையைத் தெரிந்துகொள்ள நல்ல அளவுகோல். 2025இல் குவார்ட்டர்பேக்குக்கு 4 கோடி டாலருக்கு மேல். வைட் ரிசீவருக்கு ஏறக்குறைய 2.4 கோடி. ஆஃபென்சிவ் லைனுக்கு 2.3 கோடி சொச்சம். டைட் எண்டுக்கும் ரன்னிங் பேக்குக்கும் 1.4 கோடியைக்கூடத் தொடவில்லை. (அந்தப் பட்டியலில் லைன்பேக்கருக்கு 2.5 கோடி என்று இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். எட்ஜ் ரஷர்களில் பலரை அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுவதால் வரும் குழப்பம் அது.) ஓர் அணிக்கு அந்த வருடம் மொத்தச் சம்பள வரம்பே 27.92 கோடி. ஆக, முதல் ரவுண்டு பிக்கை விலை அதிகமான பொசிஷனில் போட்டால் நான்கு வருடத்துக்கு மிச்சமாகும் பணம் மிக அதிகம். முதல் ரவுண்டில் குவார்ட்டர்பேக், டேக்கிள், எட்ஜ் ரஷர், ரிசீவர், கார்னர்பேக் என்று இந்த ஐந்தே திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். இரண்டு பொசிஷனும் சம அளவு தேவை என்று உங்களுக்குத் தோன்றினால், சந்தையில் விலை கூடியதன் பக்கம் சாய்வது உத்தமம்.

அடுத்தது காலண்டர். என்னைக் கேட்டால் கணிப்பில் பாதிக்கு மேல் இதில்தான் இருக்கிறது. டிராஃப்டில் வருபவரின் ஒப்பந்தம் நான்கு வருடம். முதல் ரவுண்டுக்காரருக்கு மட்டும் அணி விரும்பினால் ஐந்தாவது வருடம் உண்டு. அதனால் மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த அணி யாரையெல்லாம் எடுத்தது என்று பார்த்தாலே அடுத்து எங்கே காலியாகும் என்பது தெரிந்துவிடும்.

கிரீன் பே பேக்கர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2002இல் ஜவான் வாக்கரை எடுத்த பிறகு 2024 வரை முதல் ரவுண்டில் அவர்கள் வைட் ரிசீவரைத் தொடவே இல்லை. அதை வைத்து “பேக்கர்ஸ் ரிசீவரை மதிப்பதில்லை” என்று ஒரு தத்துவமே கிளம்பிவிட்டது. கிரெக் ஜென்னிங்ஸ், ஜோர்டி நெல்சன், ராண்டல் காப், டவான்டே ஆடம்ஸ் எல்லோரும் இரண்டாம் ரவுண்டில் வந்தவர்கள் என்பதை வசதியாக மறந்துவிட்டார்கள். மதிப்பு இருந்தது, கடை வேறாக இருந்தது. 2025இல், அதுவும் தங்கள் ஊரிலேயே நடந்த டிராஃப்டில், 23ஆவது பிக்கில் மாத்யூ கோல்டன் என்ற ரிசீவரை எடுத்தார்கள். மூன்றாம் ரவுண்டில் சாவியன் வில்லியம்ஸ், இன்னொரு ரிசீவர். திடீர் மனமாற்றமா? இல்லை. கிறிஸ்டியன் வாட்சன், ரோமியோ டப்ஸ் இருவரும் 2022 டிராஃப்டில் வந்தவர்கள். இருவரின் ஒப்பந்தமும் 2025 சீசனோடு முடிவதாக இருந்தது. போதாக்குறைக்கு வாட்சனுக்கு ஜனவரியில் முழங்கால் போனது. பழக்கத்தைப் பார்த்தவர்கள் தவறினார்கள். ஒப்பந்தத் தேதியைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதே அணி 2020இல் செய்ததும் அப்படித்தான். குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸுக்கு ரிசீவர் ஒருவரைக் கொடுங்கள் என்று ஊரே கத்திக்கொண்டிருந்தபோது, 30ஆவது இடத்திலிருந்து 26க்கு ஏறிப் போய் ஜோர்டன் லவ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். ராட்ஜர்ஸுக்கு அப்போது 36 வயது. அந்த ராட்ஜர்ஸே 2005இல் மூத்த குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ர் இருக்கும்போது எடுக்கப்பட்டவர்தான்.

ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் இதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறது. சென்டர் ஜேசன் கெல்சி ஓய்வு பெற்றது 2024இல். அவர் இடத்துக்கு கேம் ஜர்கன்ஸை எடுத்தது 2022இல். குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸுக்கு 2019இல் பெரிய ஒப்பந்தம் போட்டுவிட்டு, 2020இல் இரண்டாம் ரவுண்டில் இன்னொரு குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை எடுத்தபோது சொந்த ரசிகர்களே திட்டினார்கள். இந்த மாதிரி அணிக்குக் கணிப்பு எழுதும்போது இன்றைய ஆட்டக்காரர் பட்டியலில் 30 வயதைத் தாண்டியவர்களின் பெயர்களைத் தனியாகக் குறித்துக்கொள்வது நல்லது.

சரி, இப்போது உங்கள் பேர்ஸ் கதைக்கு வருவோம். இது பாடப்புத்தகம் மாதிரியான உதாரணம், கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

2024இல் 5 வெற்றி, 12 தோல்வி. 2025 டிராஃப்டில் அவர்களுக்குப் பத்தாவது பிக். புதுமுகக் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் 68 முறை சாக் ஆனார், அதாவது பந்தை வீசும் முன்பே எதிரணி அவரைத் தரையில் சாய்த்தது 68 முறை. இதைப் பார்த்த யாருக்கும் “லைன்மேன் வேண்டும்” என்றுதான் தோன்றும். அது சரியும்கூட. ஆனால் மார்ச்சில் என்ன நடந்தது? கன்சாஸ் சிட்டியிலிருந்து ஜோ தூனி. ராம்ஸிலிருந்து ஜோனா ஜாக்சன். அட்லாண்டாவிலிருந்து சென்டர் ட்ரூ டால்மன், 3 வருடம், 4.2 கோடி டாலர். தூனிக்கும் ஜாக்சனுக்கும் கொடுத்ததோ பின் ரவுண்டு பிக்குகள். இரண்டு கார்டு, ஒரு சென்டர் என்று லைனின் நடுப்பகுதி முழுக்கப் புதிது. வலது டேக்கிள் டார்னல் ரைட் 2023இல் இதே பத்தாவது பிக்கில் வந்தவர். ஐந்து இடத்தில் நான்கு நிரம்பிவிட்டது. டிஃபென்ஸுக்கு டாயோ ஒடெயிங்போ, கிரேடி ஜாரெட் இருவரையும் பணம் கொடுத்துக் கூட்டி வந்தார்கள். மாக் டிராஃப்ட் போட்டவர்களில் பலர் பிப்ரவரியில் எழுதிய பட்டியலையே ஏப்ரலிலும் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் ஒப்பந்தங்களைக் கழிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரு வருடத்துக்குச் சில்லறைத் தொகையில் வந்தவர் அந்த இடத்தை நிரப்பியதாகக் கணக்கில் எடுக்காதீர்கள். ஏப்ரலில் கிடைக்கவில்லை என்றால் இருக்கட்டும் என்று போட்டு வைக்கும் ஆள் அவர். மூன்று வருடம், கணிசமான உத்தரவாதப் பணம் என்றால் மட்டும் அந்தப் பெட்டியில் கோடு போடுங்கள். ஓவர் தி கேப், ஸ்போட்ராக் போன்ற தளங்களில் உத்தரவாதத் தொகை தனியாகவே இருக்கும். தலைப்புச் செய்தியில் வரும் மொத்தத் தொகையை நம்ப வேண்டாம்.

நான்கு போக மீதி இருந்த இடது டேக்கிளில் பிராக்ஸ்டன் ஜோன்ஸ். 2022 டிராஃப்டில் வந்தவர், ஒப்பந்தம் 2025 சீசனோடு முடிவதாக இருந்தது, கணுக்காலில் எலும்பு முறிவு வேறு. அப்போ டேக்கிள் தேவைதான். ஆனால் பத்தாவது முறை வருவதற்குள் வில் கேம்ப்பெல் 4இல் நியூ இங்கிலாந்துக்கும், அர்மாண்ட் மெம்பூ 7இல் ஜெட்ஸுக்கும், கெல்வின் பேங்க்ஸ் 9இல் நியூ ஆர்லியன்ஸுக்கும் போய்விட்டார்கள். ரன்னிங் பேக் ஆஷ்டன் ஜென்டி 6இலேயே லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸிடம். கேட்ட சரக்கு தீர்ந்த பிறகு கடைக்குப் போன நிலை. இது கணிப்பில் ஒரு தனிப் படி: தேவைப் பட்டியலை எழுதிய கையோடு, அந்தப் பிக் வரும்போது அந்தத் தரத்தில் ஆள் மிச்சமிருப்பாரா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் டைட் எண்ட் ஏன்? கோல் கிமெட் என்று நல்ல டைட் எண்ட் ஒருவர் ஏற்கெனவே நீண்ட ஒப்பந்தத்தில் இருந்தார். நான் மேலே சொன்ன சந்தை விலைக் கணக்குப்படியும் இது மலிவான பொசிஷன். இங்கேதான் கோச் வருகிறார். அந்த ஜனவரியில் வந்த பென் ஜான்சன் அதற்கு முன் டெட்ராய்ட் லயன்ஸின் ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர், அதாவது ஆஃபென்ஸை வழிநடத்தும் பயிற்சியாளர். 2023இல் லயன்ஸ் 12ஆவது பிக்கில் ரன்னிங் பேக் ஜாமிர் கிப்ஸையும், 34ஆவது பிக்கில் டைட் எண்ட் சாம் லபோர்டாவையும் எடுத்தது. கிப்ஸை எடுத்தபோது “இந்த விலைக்கு ரன்னிங் பேக்கா” என்று நிபுணர்கள் சிரித்தார்கள். ஜான்சனின் ஆட்டமுறையில் இருவரும் அந்த அணியின் முதுகெலும்பானார்கள். ஒரே ஆட்டத்தில் இரண்டு டைட் எண்டை நிறுத்தி, இது ஓட்டமா வீச்சா என்று எதிரணிக்குத் தெரியாமல் வைப்பது அவருக்குப் பிடித்த வேலை. அவர் சிகாகோ வந்ததும் 10இல் மிச்சிகனின் கோல்ஸ்டன் லவ்லண்டை எடுத்தார்கள். புது கோச் வந்த அணிக்குக் கணிப்பு எழுதினால், அந்த அணியின் பழைய டிராஃப்டுகளைவிட அவர் கடைசியாக வேலை பார்த்த அணியின் டிராஃப்டுகளைப் படிப்பதே லாபம். தூனி, ஜாக்சன் கதையிலும் இதே வாசனை அடிக்கும்: ஜாக்சன் டெட்ராய்டில் ஜான்சனோடு இருந்தவர், ஜெனரல் மேனேஜர் ரையன் போல்ஸோ நீண்ட காலம் கன்சாஸ் சிட்டியில் வேலை பார்த்தவர்.

ரன்னிங் பேக் என்று சொன்னவர்கள் விஷயத்துக்கும் ஒரு பின்கதை இருக்கிறது. 2025இல் ரன்னிங் பேக் சரக்கு ஆழமாக இருந்தது, அதாவது தேறியவர்கள் நிறைய. ஆழம் இருந்தால் அணிகள் காத்திருக்கும். பத்தாவது பிக்கில் தேவையானது மூன்றாம் ரவுண்டிலும் கிடைக்குமே. பேர்ஸின் அடுத்த முறை 39. அதற்கு முன் 36இல் க்வின்ஷான் ஜட்கின்ஸ் கிளீவ்லண்டுக்கு, 38இல் ட்ரெவியன் ஹெண்டர்சன் நியூ இங்கிலாந்துக்கு. ஒரே ஒரு இடத்தில் நழுவிப்போனது என்பது என் ஊகம். 39இல் ரிசீவர் லூதர் பர்டனை எடுத்தார்கள். கீனன் ஆலனின் ஒப்பந்தம் முடிந்து அந்த இடம் காலியாக இருந்தது. ரன்னிங் பேக் வந்தது ஏழாம் ரவுண்டில், 233ஆவது பிக்கில், கைல் மொனங்காய்.

எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டும் தலைகீழாக விழுந்த உதாரணம் அட்லாண்டா ஃபால்கன்ஸ், 2024. மார்ச்சில் கிர்க் கசின்ஸுக்கு 4 வருடம், 18 கோடி டாலர், அதில் 10 கோடி உத்தரவாதம். நான் சொன்ன விதிப்படி குவார்ட்டர்பேக் பெட்டியில் கோடு போட்டாயிற்று. அட்லாண்டாவுக்கு வருடக்கணக்காக எட்ஜ் ரஷர் பஞ்சம். அந்த வருடம் முதல் 14 பிக்குமே ஆஃபென்ஸ் வீரர்கள், அதுவரை நடக்காத ஒன்று. அதாவது எட்டாவது முறை வந்தபோது நாட்டிலிருந்த எட்ஜ் ரஷர் அத்தனை பேரும் அட்லாண்டாவின் கைக்கெட்டும் தூரத்தில். அவர்கள் எடுத்தது மைக்கேல் பெனிக்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை. அரங்கமே வாயைப் பிளந்தது.

இதை எப்படிப் பிடித்திருக்க முடியும்? எளிதல்ல. ஆனால் ஒரு துப்பு இருந்தது: கசின்ஸுக்கு 35 வயது, 2023 அக்டோபரில் அகில்லிஸ் தசைநார் அறுந்து அறுவைச் சிகிச்சை முடிந்தவர். உத்தரவாதத் தொகைக்குப் பக்கத்தில் வயதையும் மருத்துவ அறிக்கையையும் வைத்துப் பார்த்தால் அந்தக் கோட்டைப் பேனாவால் போடாமல் பென்சிலால் போட்டிருக்கலாம். டிசம்பருக்குள் கசின்ஸ் பெஞ்சில், பெனிக்ஸ் களத்தில். தேவை நாம் நினைத்ததைவிடப் பக்கத்தில் இருந்திருக்கிறது. விட்டுப்போன எட்ஜ் ரஷர்? 2025இல் ஒன்றுக்கு இரண்டாக வந்தது. 15இல் ஜேலன் வாக்கர். அப்புறம் 2026 முதல் ரவுண்டு பிக்கையே ராம்ஸிடம் கொடுத்து 26க்கு ஏறி ஜேம்ஸ் பியர்ஸ். ஒரு வருடம் ஒத்திப்போட்ட தேவை மறு வருடம் வட்டியோடு வரும். போன வருடம் நீங்கள் தவறாகக் கணித்த அணிகளை அடுத்த வருடப் பட்டியலில் மேலே வைப்பதில் நியாயம் இருக்கிறது.

சின்சினாட்டியும் இதே ரகம். 2020 நவம்பரில் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவின் முழங்கால் போனது. 2021இல் ஐந்தாவது பிக், டேக்கிள் பெனே சூவெல் எதிரே இருக்கிறார். அவர்கள் எடுத்தது ரிசீவர் ஜமார் சேஸை, பர்ரோவின் கல்லூரித் தோழர். அந்த சீசனிலேயே இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வரை போய், அங்கே பர்ரோ 7 முறை சாக் ஆகித் தோற்றார்கள். அடுத்த மார்ச்சில் அலெக்ஸ் காப்பா, டெட் காரஸ், லயெல் காலின்ஸ் என்று லைனுக்கு மூன்று பேரைப் பணம் கொடுத்து வாங்கினார்கள். சேஸ் தரத்தில் ஒரு ரிசீவர் சந்தைக்கு வரவே மாட்டார், கார்டு எந்த மார்ச்சிலும் கிடைப்பார் என்பதுதான் அங்கே கணக்கு.

ஜெனரல் மேனேஜரின் பழக்கம் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அதை எல்லோரும் ஏற்கெனவே அதிகமாக நம்புகிறார்கள். ஈகிள்ஸ் 1979இல் ஜெர்ரி ராபின்சனுக்குப் பிறகு முதல் ரவுண்டில் நடு லைன்பேக்கர் எடுத்ததில்லை என்பது ரசிகர்களுக்கு மனப்பாடம். 2025இல் 31ஆவது பிக்கில் ஜிஹாத் கேம்ப்பெல் வந்தார். அங்கிருந்த நகோபி டீனுக்கு ப்ளே ஆஃபில் முழங்கால் காயம். ஒப்பந்தமோ 2025 சீசனோடு முடிவதாக இருந்தது. மறுபடியும் காலண்டர்.

வதந்திகள் விஷயம். ஒவ்வொரு அணியும் 30 பேர் வரை தன் வளாகத்துக்கு அழைத்துப் பேசலாம், அந்தப் பெயர்கள் எப்படியோ கசிந்துவிடும். ஒரு பெயருக்கு அதில் பெரிய பொருள் இல்லை. மருத்துவச் சோதனைக்காகவும் கூப்பிடுவார்கள், பக்கத்து அணியைக் குழப்பவும் கூப்பிடுவார்கள். ஆனால் 30இல் ஏழெட்டுப் பேர் ஒரே பொசிஷன் என்றால் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசி வாரத்தில் “அந்த அணிக்கு இந்தக் குவார்ட்டர்பேக் மேல் கண்” என்று வரும் செய்தியை நான் படிப்பதோடு சரி.

கடைசியாக, உங்கள் கணிப்புக்கு நீங்களே மதிப்பெண் போடும் விதம். முதல் பிக்கை மட்டும் வைத்துப் போடாதீர்கள். அந்த ஒரு பிக் உங்கள் அணிக்கு முன்னால் இருக்கும் ஒன்பது அணிகளின் கையிலும் இருக்கிறது. முதல் மூன்று ரவுண்டுக்குள் எந்தெந்த பொசிஷன் என்று நான்கைந்தை எழுதி வையுங்கள், எது எத்தனையாவது என்று சொல்ல வேண்டாம். 2025 ஏப்ரல் தொடக்கத்தில் பேர்ஸுக்கு இந்த முறையில் எழுதியிருந்தால் இடது டேக்கிள், ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட், டிஃபென்சிவ் லைன் என்று வந்திருக்கும். பேர்ஸ் 41ஆவது பிக்கை பஃபலோவுக்கு விற்றுக் கீழே இறங்கி, 56இல் டேக்கிள் ஆசி ட்ரபிலோவையும், 62இல் டிஃபென்சிவ் லைன்மேன் ஷெமார் டர்னரையும் எடுத்தார்கள். லவ்லண்ட், பர்டன், ட்ரபிலோ, டர்னர்: முதல் நான்கு பேருமே பட்டியலுக்குள் அடங்கிவிட்டார்கள், ரன்னிங் பேக் மட்டும் ஏழாம் ரவுண்டுக்குத் தள்ளிப்போனது. நீங்கள் பார்த்த மாக் டிராஃப்டுகள் லைன்மேன் என்று சொன்னதும் வெறும் 46 இடம்தான் தள்ளிப் பலித்தது.